‘ட்ரடிஷியோ’: ஒரு சொல் கைமாறிய கதை

மேலை மெய்யியலின் ‘ட்ரெடிஷன்’ நமக்கு மரபு. அதன் லத்தீன் மூலமான ‘ட்ரடிஷியோ’வுக்குக் கைமாற்றிக் கொடுத்தல் என்று பொருள். அது சட்டத்தில் புழங்கிய சொல்.

ரோமானியச் சட்டப்படி அடிமை, எருது, இத்தாலிய நிலம் போன்றவற்றைக் கைமாற்றச் சாட்சிகளும் தராசும் வைத்துச் சடங்கு நடத்த வேண்டும். மற்றப் பொருள்களுக்கு ‘ட்ரடிஷியோ’ போதும். ஆனால் விற்பனை, நன்கொடை என முறையான காரணம் ஒன்று இருந்தால்தான் உரிமை மாறும். கிடங்குச் சரக்கை மூட்டை மூட்டையாகத் தூக்கித் தர வேண்டியதில்லை, சாவியைத் தந்தால் ஆயிற்று. அதையும் கிடங்கருகே நின்று தர வேண்டும் என்றார் சட்ட அறிஞர் பாப்பினியன்.

கி.பி. 303இல் பேரரசர் டயோக்ளீஷியன் கிறிஸ்தவ மறைநூல்களை எரிக்க ஆணையிட்டார். வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் அதிகாரிகள், கோயிலில் மறைநூல் வாசிப்பவர்களின் வீடுவீடாகப் போய் ஏடுகளை வாங்கினார்கள். இப்படிக் கொடுத்தவர்களுக்கு ‘ட்ரடிட்டோர்’ என்று பெயர் விழுந்தது. அவர்கள் கையால் பெற்ற ஆயர் பட்டம் செல்லுமா என்ற தகராறில் ஆப்பிரிக்கத் திருச்சபை இரண்டாக உடைந்தது. துரோகியைக் குறிக்கும் ஆங்கில ‘ட்ரெய்ட்டர்’ இந்தச் சொல்லின் வழி வந்ததுதான். தமிழிலும் காட்டிக்கொடுப்பதில் ஒரு ‘கொடு’ உண்டு.

1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரெண்ட் பொதுச்சங்கம், எழுதிய வேதத்துக்கும் எழுதாத மரபுகளுக்கும் ஒரே மதிப்பு என்று அறிவித்தது. செயலைக் குறித்த சொல் அதற்குள் சரக்கைக் குறிக்கவும் பழகியிருந்தது. அறிவொளிக் காலச் சிந்தனையாளர் பலர் அந்தச் சரக்கைப் பகுத்தறிவுக்கு எதிர்த்தட்டில் வைத்தார்கள்.

சொல்லுக்குள் இருந்த செயலை மீட்டது 20ஆம் நூற்றாண்டு. மரபு தானாக வந்து சேரும் சொத்தல்ல, பாடுபட்டுப் பெற வேண்டியது என்று 1919இல் எழுதினார் கவிஞர் டி. எஸ். எலியட். 1960இல் ‘உண்மையும் முறையும்’ நூலில் ஜெர்மன் மெய்யியலாளர் காடமர் இன்னும் ஆழமாகப் போனார்: எந்த மரபும் சும்மா கிடந்து நீடிப்பதில்லை, ஏற்றுப் பேணுவதால்தான் நீடிக்கிறது, பேணுவதும் பகுத்தறிவின் வேலையே. 1967இல் இன்னொரு ஜெர்மன் மெய்யியலாளரான ஹாபர்மாஸ் குறுக்கிட்டார். வந்து சேர்ந்ததில் அதிகாரமும் வற்புறுத்தலும் கலந்திருந்தால் என்ன செய்வது? ரோமானியச் சட்டம் கேட்ட ‘முறையான காரணம்’ இங்கே மெய்யியல் வழக்காகிறது.

1983இல் வரலாற்றாசிரியர்கள் ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் புனையப்பட்ட மரபுகளைப் பற்றி ஒரு நூல் தொகுத்தார்கள். அதில் வரலாற்றாசிரியர் ட்ரெவர்-ரோப்பர் ஸ்காட்லாந்தின் கில்ட் உடையை எடுத்துக்கொண்டார். மலைநாட்டாரின் நீண்ட போர்வையுடையை, வேலையாட்களின் வசதிக்காக 18ஆம் நூற்றாண்டில் குட்டையாக்கியவர் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலை முதலாளி என்பது அவர் வாதம். அது சரியென்றே வைத்துக்கொண்டாலும் கில்ட் பொய்யாகிவிடாது. பல தலைமுறைகள் அதை வாங்கி உடுத்தியிருக்கின்றன, கைமாற்றம் நடந்தேயிருக்கிறது. பொய்த்தது அதற்குச் சொல்லப்பட்ட வயதுதான். ஆகவே மரபு என்று ஒன்றை யாரேனும் நீட்டினால், எத்தனை பழையது என்று கேட்பது போதாது. கொடுப்பவர் யார், எதற்காகக் கொடுக்கிறார், வேண்டாம் என்று சொல்ல வாங்குபவருக்கு இடமுண்டா என்றும் கேட்க வேண்டும்.