பனிக்கு அடியில் ஒரு ஆல்ப்ஸ்



கிழக்கு அண்டார்க்டிகாவின் நடுவே, ஒரு சிகரம்கூட வெளியே தெரியாமல், ஆல்ப்ஸ் அளவுக்கு ஒரு மலைத்தொடர் புதைந்து கிடக்கிறது. 1958இல் சோவியத் குழுவினர் பனியில் வெடிவைத்து, எதிரொலி திரும்பிவரும் நேரத்தைக் கணக்கிட்டபோது அகப்பட்டது. கம்பூர்த்சேவ் என்ற புவி இயற்பியலாளரின் பெயரை வைத்தார்கள். பாவம், அவர் 1955லேயே காலமாகிவிட்டார்.

பனியாறு மலையைக் குடையும் என்று ஆண்டாண்டாக வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். அப்படியானால் இவ்வளவு கனமான பனிக்கு அடியில் இந்த மலைகள் தேய்ந்து மொட்டையாகியிருக்க வேண்டுமே? சீன ஆய்வாளர்கள் வண்டியில் ரேடாரை ஏற்றிக்கொண்டு போய் அளந்தார்கள். 2009இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் தெரிந்தவை செங்குத்தான சரிவுகள், ஆறுகள் கிளைகிளையாக வெட்டிய பள்ளத்தாக்குகள், பிறகு பனியாறுகள் அவற்றை அகலமாகக் குடைந்த தடயங்கள்.

ஆக, அங்கே முதலில் தண்ணீர் ஓடியிருக்கிறது! சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன், காற்றில் கரியமில வாயு குறைந்து பூமி குளிர்ந்த காலத்தில், இந்த உச்சிகளில் சிறு பனியாறுகள் பிறந்து கீழே இறங்கின. அவை பெருகி, ஒன்றுசேர்ந்து, மலையையே மூடிவிட்டன. அப்புறம் நடந்ததுதான் விசேஷம். கடுங்குளிரில் பனியின் அடிப்பாகம் பெரும்பாலும் பாறையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. வழுக்கி நகராத பனி பாறையை அரிக்காது. குடைந்த பனியே பொத்திவைத்துக் காத்திருக்கிறது.

அன்று குறைந்த அதே வாயு இன்று ஏறிக்கொண்டிருக்கிறது. கிழக்கு அண்டார்க்டிகாவின் பனி மொத்தமும் உருகினால் கடல்மட்டம் 50 மீட்டருக்கு மேல் உயரும்.