திருடனைக் காட்டிக்கொடுத்த பழைய படம்

அருங்காட்சியகம் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது எழும்பூர்தான். நம் பக்கத்தில் கோவை காஸ் வன அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டி, மங்கிய அட்டை, அதில் நாலு வரி. இப்போதோ வால்பாறையில் மழை விடாத நாளில் வீட்டிலிருந்தபடியே லண்டன், நியூயார்க் சிலைகளைக் கணினியில் பார்க்கிறோம். இந்த வசதி களவுபோன சாமிகளைக் கண்டுபிடிக்கவும் உதவியது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர் கால நடராஜர் களவுபோய், 2008-ல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டார். விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். சிலை பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காகிதம் காட்டினார்கள். 1972-ன் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே போனது என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா!

ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950-களிலிருந்தே ஊர் ஊராகப் போய்க் கோயில் சிலைகளைப் படமெடுத்து வைத்திருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். 1994-ல் எடுத்த படத்தில் அதே நடராஜர் ஸ்ரீபுரந்தானிலேயே நிற்கிறார். நம் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, உலோகத்தை ஊற்றியபின் அந்த அச்சை உடைத்துவிடுவார்கள். ஆகவே ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. திருவாசியின் தீச்சுடர், வார்ப்பில் விழுந்த சிறு குறை என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் ஆள் அடையாளம் தெரிந்துவிடும். சிங்கப்பூரில் கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே வலைப்பதிவு எழுதிய எஸ். விஜயகுமார் போன்ற ஆர்வலர்கள் செய்தது இந்த வேலையைத்தான். சிட்னி கலைக்கூடத்தில் இருந்த விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் இப்படித்தான் பிடிபட்டார்.

2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் இரண்டு சிலைகளையும் டெல்லியில் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார்.

கணினியைப் புகழ்வதற்கு முன், கேமராவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தவர்களைத்தான் நான் கும்பிடுவேன். அந்தப் படம் மட்டும் இல்லையென்றால் கணினி எதை எதோடு ஒப்பிடும்? ஒரு படம்கூட எடுக்கப்படாமல் காணாமல் போன ஊர்ச் சாமிகளை எந்த இணையதளத்தில் தேடுவது?

திரும்பிவந்த நடராஜரும் நேரே தம் கோயிலுக்குப் போகவில்லை. பூட்டும் காவலும் உள்ள கும்பகோணம் சிலைகள் பாதுகாப்பு மையத்துக்குத்தான் போனார்.