நசுங்கிய குழாய் தந்த மீட்டர்



பாதரசத்தை வைத்து அழுத்தம் அளந்த பாடம் நினைவிருக்கிறதா? ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 76 செ.மீ. உயரம். ஐந்து மடங்கு என்றால் 3.8 மீட்டர்! ஓடுகிற ரயில் எஞ்சினில் அதை எங்கே நிறுத்துவது? கொதிகலன்கள் வெடித்து ஆட்கள் செத்த காலம் அது.

பாரிசில் யூஜீன் போர்டன் என்ற கடிகாரக்காரர், நசுங்கிப்போன ஒரு சுருள் குழாயைச் சரிசெய்ய நினைத்தார். ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றினார். நசுங்கல் உப்ப உப்பச் சுருளும் விரிந்தது. அந்த அசைவை ஒரு முள்ளோடு இணைத்தார், அவ்வளவுதான். 1849-இல் காப்புரிமை, 1851 லண்டன் கண்காட்சியில் பதக்கம்.

மலைத்தோட்டத்தில் டீசல் ஜீப் ஓட்டும் நம் மாணவன் ஒருவன் போன வாரம் மாட்டிய மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் மீட்டருக்குள் இருப்பதும் அதே குழாய்தான். சிவப்பு லைட் போதாதா என்று வீட்டில் கேட்டார்களாம். லைட் எரியும்போது அழுத்தம் அநேகமாகப் போயே போயிருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்தால் முள் உடனே ஆடும். அப்போதே நிறுத்தினால் பேரிங் பிழைக்கும்.

லைட்டையும் கழற்றாமல், டீ போட்டு இரண்டையும் வைத்திருக்கிறான், கெட்டிக்காரன். ஆனால் அந்த மெல்லிய குழாயில் சூடான ஆயிலே டேஷ்போர்டு வரை வருகிறது. தகட்டுத் துளையில் உரசாமல் இருக்க ரப்பர் வளையம் போட்டாயா என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.