நீரைத் தடுக்கும் காற்று: பனூ மூஸாவின் கலங்களும் படகு எந்திரத்தின் புகைக்குழாயும்

மரக்கலத்தின் வரலாறு என்பது ஒரு வகையில், நீரை வெளியே நிறுத்தி வைக்க மனிதன் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறே ஆகும். அந்தலூசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், 1183ஆம் ஆண்டு செங்கடல் துறைமுகமான ஐதாபை அடைந்தபோது, அங்குக் கட்டப்பட்ட ஜிலாபா என்னும் படகுகளைக் கூர்ந்து நோக்கித் தம் பயண நூலில் பதிவு செய்தார். அவற்றில் இரும்பாணி இல்லை. பலகைகள் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டன. இடைவெளிகளில் பேரீச்ச மரச் சிம்புகள் செருகப்பட்டன. அதன்மேல் நெய்யோ, ஆமணக்கெண்ணெயோ, சுறா எண்ணெயோ பூசப்பட்டது. இவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது என்றும் அவர் எழுதுகிறார். ஒரு துளைகூட இல்லாமல் கலத்தை மூடுவதே அன்றைய தச்சரின் நோக்கம் என்பதை இக்குறிப்பால் அறிகிறோம்.

இந்நிலையை எந்திரம் மாற்றியது. 1938-39இல் ஆஸ்திரேலிய மாலுமி ஆலன் வில்லியர்ஸ் குவைத்துக் கலமொன்றில் கிழக்காப்பிரிக்கக் கரைக்குச் சென்று திரும்பியபோது, பாயும் காற்றுமே அக்கலத்தைச் செலுத்தின. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரோ அரபுக் கலங்களில் டீசல் எந்திரம் படிப்படியாக இடம்பிடித்தது. எந்திரம் மூச்சு விட வேண்டும். அதன் புகை வெளியேற வேண்டும். எனவே, துளையே கூடாது என்றிருந்த கலத்தில் வேண்டுமென்றே ஒரு வழி திறக்கப்பட்டது. புகை வெளியே போகும் அவ்வழியே கடல் உள்ளே வரலாம் என்பதுதான் புதிய சிக்கல்.

இதன் கடுமையை உணர எந்திரத்தின் உள்ளே சற்று நோக்க வேண்டும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலெழும்போது காற்று அமுங்கும், நீர் அமுங்காது. புகைக்குழாய் வழியே புகுந்த நீர் சிலிண்டரில் தேங்கியிருக்க, அதை அறியாது எந்திரத்தை இயக்கினால், பிஸ்டன் அந்நீரில் முட்டி நின்றுவிடும். அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீர் சிறிதளவே புகுந்தாலும், உப்பு வால்வுகளைத் துருப்பிடிக்கச் செய்யும். கரையில் இது பழுதுச் செலவு மட்டுமே. நடுக்கடலில், பாயும் இல்லாத படகில், இது உயிர்ப் பிரச்சினை.

நீர் புகும் வழிகள் இரண்டு. முதலாவது வெளிப்படையானது: பின்னாலிருந்து வரும் அலை குழாயின் வாயில் மோதி உள்ளே ஏறுவது. இதற்குப் படகு கட்டுவோர் குழாயின் அமைப்பை மாற்றினர். சிலர் குழாயை நேராக மேலே கொண்டுசென்று மழைக்கு ஒரு மூடியிட்டனர். பின்புறத்தில், நீர்மட்டத்தை ஒட்டிப் புகையை விடுவோர், குழாயை முதலில் அன்னத்தின் கழுத்தைப் போல் நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, பின்னர் வெளிவாயை நோக்கிச் சரித்தனர். வாயில் ஒரு ரப்பர் மடலும் பொருத்தினர். புகை தள்ளினால் அது திறக்கும். அலை தள்ளினால் மூடிக்கொள்ளும்.

இரண்டாவது வழி மறைவானது. பல படகுகளில் கடல்நீரே எந்திரத்தின் வெப்பத்தைத் தணித்து, பின் புகைக்குழாயினுள் செலுத்தப்பட்டுப் புகையோடு வெளியேறுகிறது. எந்திரம் நின்றதும் குழாயில் எஞ்சும் நீரைத் தாங்கிக்கொள்ளத் தாழ்வான இடத்தில் ஒரு பெட்டி வைப்பார்கள். ஆனால், நீர் செலுத்தப்படும் இடம் கடல்மட்டத்துக்குக் கீழே இருந்தால், எந்திரம் நின்ற பின்னும் சைஃபன் முறையில் நீர் பம்பினூடே மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். பெட்டி நிரம்பும், பின் நீர் எந்திரத்தை நோக்கி ஏறும். அலையில்லாத துறையில் அமைதியாக நிற்கும் படகும் ஓர் இரவுக்குள் இவ்வாறு கெடலாம். இதற்குரிய மாற்றம் மிக எளிது. நீர்க்குழாயைக் கடல்மட்டத்துக்கு மேலே வளைத்து உயர்த்தி, வளைவின் உச்சியில் காற்றுப் புகச் சிறு துளை வைக்க வேண்டும். எந்திரம் நின்றதும் அத்துளை வழியே காற்று புகும். நீரின் தொடர் அறும்.

சைஃபனை இயக்கும் தொடர் நீர். அதை நிறுத்துவது ஒரு துளைக் காற்று. இந்த அறிவு எழுத்தில் விரிவாகப் பதிவான இடங்களுள் முதன்மையானது 9ஆம் நூற்றாண்டின் பக்தாத் ஆகும். மூஸா இப்னு ஷாகிரின் மைந்தர்களான முஹம்மத், அஹ்மத், அல்-ஹஸன் ஆகிய மூவரையும் பனூ மூஸா என வரலாறு அழைக்கிறது. கலீஃபா மஃமூனின் ஆதரவில் வளர்ந்த இச்சகோதரர்கள் இயற்றிய கிதாபுல் ஹியல் ஏறத்தாழ 100 கருவிகளை விவரிக்கிறது. ஹீலா என்பதன் பன்மையே ஹியல். உபாயம், யுக்தி என்பது பொருள். கருவிகளுள் பெரும்பாலானவை விருந்தினரை வியக்கவைக்கும் கலங்கள். ஊற்றுவதை ஒருமுறை நிறுத்தினால் மீண்டும் நீரை ஏற்க மறுக்கும் கூசா ஒன்று. காற்றுத் துளையை விரலால் மூடினால் நீரை நிறுத்தி, விரலை எடுத்தால் ஒழுகவிடும் கலங்கள் பல. இவற்றினுள்ளே சைஃபன்களும் மிதவைகளும் கூம்பு வடிவ வால்வுகளும் இருந்தன.

இவை வெறும் விளையாட்டுப் பொருள்கள் என்று சிலர் ஒதுக்குவதுண்டு. அதே நூலில் நச்சுக்காற்று நிறைந்த கிணற்றில் இறங்குவோருக்கான முகக்கவசமும், நீரின் அடியில் கிடப்பதை எடுக்கும் கவ்விக் கருவியும், காற்றில் அணையாத விளக்கும் இடம்பெற்றிருப்பதை அவர்கள் கருதுவதில்லை. ஒருவழி வால்வு பின்னர் உழைப்புக் கருவிகளிலும் தொடர்கிறது. அல்-ஜஸரீ 1206இல் (ஹிஜ்ரி 602) நிறைவு செய்த நூலில் எதிரெதிரே அமைந்த இரு சிலிண்டர்களைக் கொண்ட பம்பு ஒன்று உண்டு. தகியுத்தீன் 16ஆம் நூற்றாண்டில் ஆறு சிலிண்டர்களைக் கொண்ட பம்பை வருணித்தார். ஏறிய நீர் திரும்பி இறங்காதபடி இரண்டிலும் வால்வுகள் காத்தன.

இதன் எதிர்முனையில் மற்றொரு பிழை காத்திருக்கிறது. படகு எந்திரத்தின் புகைக்குழாயை முஸ்லிம்களே கண்டுபிடித்தனர் என்று பெருமை பேசுவது அது. 1897இல் டீசலின் எந்திரம் வெற்றிகரமாக இயங்கியது. கிதாபுல் ஹியலின் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பை டொனால்ட் ஹில் வெளியிட்டதோ 1979இல். அந்நூலைப் படித்துத்தான் படகுத் தச்சர்கள் குழாயை வளைத்தனர் என்பதற்குச் சான்றில்லை. பனூ மூஸாவும் ஃபிலோ, ஹீரோன் முதலிய கிரேக்க அறிஞர்களுக்குக் கடன்பட்டவர்களே. ஹீரோனின் இயந்திரவியல் நூலோ குஸ்தா இப்னு லூகாவின் அரபு மொழிபெயர்ப்பால்தான் நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ளது. அறிவு ஒரு சமூகத்தின் சொத்தாகத் தேங்கி நிற்பதில்லை என்பதையே இக்கொடுக்கல் வாங்கல் காட்டுகிறது.

அவ்வாறாயின் இவ்வரலாற்றால் நமக்கு என்ன பயன்? பக்தாதின் அறிஞரும் துறைமுகத்து மெக்கானிக்கும் ஒரே இயற்கை விதியின் முன் நிற்கின்றனர். ஒரே பொறுமையோடு அதைக் கவனித்தால் ஒரே தீர்வை அடைகின்றனர். அத்தீர்வு ஒருமுறை செய்து மறந்துவிடக் கூடியதும் அன்று. வளைவின் உச்சியிலுள்ள சிறு துளையில் நாளடைவில் உப்புப் படியும். அது அடைபட்டால், பனூ மூஸாவின் கலத்தை விரலால் மூடியதற்கு ஒப்பாகும். காற்றின் வழி நிற்க, நீர் மீண்டும் எந்திரத்தைத் தேடி வரும். முன்னோரின் அறிவுக்கு நாம் செலுத்தும் மரியாதை அவர்கள் பெயரை உரத்துச் சொல்வதில் நிறைவு பெறுவதில்லை. அவர்கள் காத்த கவனத்தை நாமும் காப்பதில், அத்துளையைத் தவறாமல் துடைத்து வைப்பதில் அது நிறைவு பெறுகிறது.