பருத்தி வயல் விட்டுச்சென்ற நிழல்

டெக்சாஸின் தென்மேற்கே, சிவாவா பாலைவனத்தில் இருக்கிறது பிக் பென்ட் தேசியப் பூங்கா. கோடையில் அதன் ஆற்றோரப் பள்ளத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்படிப்பட்ட இடத்தில், மெக்சிகோ எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், ஓங்கி வளர்ந்த காட்டன்வுட் மரங்களின் நிழலில் கூடாரம் அடித்துத் தங்கலாம். ரியோ கிராண்டே வில்லேஜ் என்ற அந்த முகாமுக்குப் பறவை பார்ப்பவர்கள் பைனாகுலரும் கையுமாக வருகிறார்கள்.

இந்த நிழல் தானாக வந்ததல்ல.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்து டெர்லிங்குவாவில் பாதரசச் சுரங்கங்கள் பெருகின. தாதுவைச் சூளையில் சுட்டுத்தான் பாதரசம் எடுக்க வேண்டும். சூளைக்கு விறகு வேண்டும், சுரங்கத்துக்கு முட்டுக்கட்டை வேண்டும். பாலைவனத்தில் மரம் இருந்தது பெரும்பாலும் ஆற்றோரத்தில்தான். அங்கே கோடரி விழுந்தது. பிறகு விவசாயிகள் ஆற்றுநீரை வயலுக்குத் திருப்பிப் பருத்தி பயிரிட்டார்கள். இன்றைய முகாமுக்கு அருகிலிருந்த டேனியல்ஸ் பண்ணை அப்படிப்பட்டது. அதன் பச்சைமண் வீடு இன்னும் நிற்கிறது. 1944இல் பூங்கா உருவானதும் உழவு நின்றது, பாசனம் நிற்கவில்லை. பூங்கா நிர்வாகம் ஆற்றுநீரை இறைத்து முகாமின் மரங்களுக்குப் பாய்ச்சி வந்தது.

பறவையியலாளர்கள் பூங்காவுக்கு முன்பே வந்துவிட்டார்கள். 1928இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிரடெரிக் கெய்ஜ், இங்குள்ள சிசோஸ் மலையில் கொலிமா வார்ப்ளரைக் கண்டார். அமெரிக்காவில் அந்தப் பறவைக்கு அதுவே முதல் பதிவு. 1937இல் வான் டைனும் சட்டனும் இந்த வட்டாரப் பறவைகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்கள். 1960களில் பூங்காவின் தலைமை இயற்கையியலாளராக வந்த ரோலண்ட் வவுர் எழுதிய வழிகாட்டி, பொதுமக்களையும் இங்கே இழுத்தது. பூங்காவில் இதுவரை பதிவான இனங்கள் 450க்கும் மேல்.

முகாமில் நடந்தாலே பலவற்றைப் பார்த்துவிடலாம். வேலிக்கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சி பிடிக்கும் செந்நிற ஈப்பிடிப்பான், கூடாரங்களுக்கிடையே ஓடும் ரோட்ரன்னர், இருட்டியதும் குரல் கொடுக்கும் குருவி அளவே உள்ள எல்ஃப் ஆந்தை என்று வரிசை நீளும். எல்லோரும் தேடுவது காமன் பிளாக் ஹாக் எனும் கரும்பருந்தைத்தான். மீனும் தவளையும் அதன் இரை. கூடு கட்டத் தண்ணீரோரத்தில் உயர்ந்த மரம் வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைப்பதால் இங்கே தங்குகிறது.

டெக்சாஸ் அரசின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் இந்தப் பருந்தும் உண்டு. கூடு இருக்கும் மரத்தருகே பூங்கா நிர்வாகம் எச்சரிக்கைப் பலகை வைக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் அந்த எல்லைக்கு வெளியே நின்றே பைனாகுலரை உயர்த்த வேண்டும்.