கோதுமையும் நம் குடியேற்றமும்

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் சங்கங்கள் தோன்றிய ஆண்டையும், கோயில்களுக்குக் குடமுழுக்கு நடந்த நாளையும், பள்ளிகளை நிறுவியோர் பெயரையும் குறிப்பர். அவை குறிக்கத் தக்கவையே. ஆயினும், பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பு நாடி வந்த மக்களின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி அடுக்களையில் நிகழ்ந்ததாகும். அதை எழுதி வைத்தவர் மிகச் சிலர். அதை அறிந்த நம் தாய்மார்களோ ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். ஆகவே இவ்வாண்டு மலரில், அரிசி உண்டு வளர்ந்த நாம் கோதுமையைக் கைக்கொண்ட கதையைச் சொல்ல விழைகிறேன். அக்கதையை எனக்கு நினைவூட்டியது ஓர் அமெரிக்கப் பண்டம் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

பேத்தியின் தயக்கம்

சென்ற கோடை விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து திலக் நகர் வந்திருந்த என் பேத்தி, கூடை நிறைய இருந்த பாயரி மாம்பழங்களைக் கண்டு, "தாத்தா, இதில் காப்ளர் செய்யட்டுமா?" என்று கேட்டாள். நறுக்கிய பழத்தைச் சர்க்கரையிட்டு ஆழமான தட்டில் பரப்பி, அதன்மேல் குழைத்த மாவைக் கரண்டி கரண்டியாக வைத்துச் சுட்டெடுக்கும் இனிய பண்டத்திற்கு அங்குக் காப்ளர் என்று பெயர். அதற்கு அவள் மைதா தேடினாள். எங்கள் வீட்டில் மைதா இல்லை. கோதுமையை வாங்கிப் புடைத்து, வீட்டுச் சக்கியில் அரைத்த ஆட்டா மட்டுமே இருந்தது. அரை மனத்தோடு அதைக் கொண்டே செய்தாள்.

பழம் தேனாக இருந்தது. மேலிருந்த மாவோ காய்ந்து ஓடுபோலாகிவிட்டது. "ஆட்டாவில் இது வராது, தாத்தா" என்று தீர்ப்பளித்தாள். மூன்று தலைமுறைகளாக எங்கள் வீட்டாரை வளர்த்த மாவின்மேல் அத்தனை எளிதில் குற்றம் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. அப்பண்டம் பிறந்த வரலாற்றையும், அம்மாவு நம்மிடம் வந்த வரலாற்றையும் எண்ணிப் பார்க்கலானேன்.

காப்ளரும் குடியேறிகளும்

வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர், தம் ஊரில் செங்கல் அடுப்புகளில் பழ அடைகளைச் சுட்டுப் பழகியவர்கள். புது நிலத்தில் பலருக்கும் அத்தகைய அடுப்பு வாய்க்கவில்லை. இருந்தவை ஒரு கனத்த இரும்புப் பாத்திரமும் விறகுத் தணலுமே. கிடைத்த பழத்தைப் பாத்திரத்தில் இட்டு, அதன்மேல் மாவைப் போட்டு மூடி, பாத்திரத்தின் அடியிலும் மூடியின் மேலும் தணலைப் பரப்பிச் சுட்டனர். நம் நாட்டில் 'தம்' வைக்கும் முறையும் இதுவே அன்றோ? 19ஆம் நூற்றாண்டில் மேற்குத் திசை நோக்கி வண்டி கட்டிச் சென்ற குடும்பங்களோடு இப்பண்டமும் பயணம் செய்தது. 1839ஆம் ஆண்டில் லெட்டிஸ் பிரையன் என்னும் அம்மையார் வெளியிட்ட 'கென்டக்கி இல்லத்தரசி' என்ற சமையல் நூலில் இது இடம்பெற்றது. விருந்தினர்க்கு ஏற்ற நாகரிகப் பண்டம் அன்றெனினும் வீட்டாருக்கு மிக நல்லது என்பது அவர் கருத்து.

ஆக, காப்ளர் செல்வர் மாளிகையில் பிறந்த பண்டமன்று. ஊரை விட்டு வந்தவர்கள், இல்லாததை எண்ணி ஏங்குவதை விடுத்து, இருப்பதைக் கொண்டு சமைத்த பண்டம். அவ்வாறு சமைக்க வேண்டிய நிலை நம் தாய்மார்களுக்கும் வந்ததுண்டு.

பங்கீட்டுக் கடை வாசலில்

கோதுமை தமிழருக்கு முற்றிலும் புதிய தானியம் என்று கூறுவதற்கில்லை. சம்பா கோதுமை நம் நாட்டில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்ததே. மகாராஷ்டிரத்தில் 'கப்லி' என்று வழங்கும் பழைய இனமும் அதுவே. திருநெல்வேலி அல்வாவிற்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுப்பதை அறியாதார் யார்? எனினும் அது இனிப்பிற்கும், கஞ்சிக்கும், நோயாளியின் பத்தியத்திற்கும் உரியதாயிருந்ததேயன்றி, நாள்தோறும் இலையில் விழும் உணவாக இருக்கவில்லை.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. 1943ஆம் ஆண்டு மே மாதம் பம்பாய் நகரில் உணவுப் பங்கீடு தொடங்கியது. கேட்ட அளவு அரிசி எவருக்கும் இல்லை. குறைக்கு வேறு தானியங்களைக் கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வாண்டில்தான் என் தாயார் மணமாகி, மாட்டுங்காவில் ஓர் அறையும் சிறு சமையற்கட்டும் கொண்ட வீட்டிற்கு வந்தார். முதல் முறை பங்கீட்டுக் கடையில் பை நிறையக் கோதுமையைக் கொடுத்தபோது, "இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?" என்று வாசற்படியில் அமர்ந்து அழுததாகப் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவர் இட்ட முதல் சப்பாத்தி அப்பளம்போல் ஒடிந்ததாம். அண்டை வீட்டு மராட்டிய அம்மையாரை நாங்கள் 'மாவ்ஷி' என்று அழைப்போம். அவர்தாம் வந்து கை பிடித்துக் கற்பித்தார். "பிசைந்த உடனே இடாதே, மூடி வை. மாவு தண்ணீர் குடிக்கட்டும்" என்பது அவருடைய முதற் பாடம். பதிலுக்கு என் தாயார் அவருக்குத் தோசை மாவு அரைத்துப் புளிக்க வைக்கும் பக்குவத்தைக் கற்பித்தார். இருவருக்கும் பொது மொழி ஏதும் அப்போது இருக்கவில்லை. மாவ்ஷி வீட்டுக் கல் யந்திரத்தை அவர்கள் 'ஜாத்தே' என்பர். நம் ஊர்த் திரிகையின் உடன்பிறப்பு. அதைச் சுழற்றிக்கொண்டே பெண்கள் பாடும் 'ஓவி'ப் பாடல்களை என் தாயார் பொருள் அறியாமலே மனப்பாடம் செய்திருந்தார்.

மாவு மில்லும் மைதாவும்

பின்னர்த் திலக் நகரில் வீட்டு வசதி வாரியத்தார் எழுப்பிய குடியிருப்பில் எங்களுக்கு வீடு கிடைத்தது. ஞாயிறு காலையில் தகர டப்பாவைச் சுமந்து மாவு மில்லுக்குச் செல்வது சிறுவனாகிய என் கடமை. நமக்கு முன் கடலைப் பருப்பு அரைபட்டிருந்தால் உடனே டப்பாவை நீட்டக் கூடாது. வேறொருவர் கோதுமை ஓடிய பிறகே நம்முடையதைக் கொடுக்க வேண்டும் என்பது தாயாரின் கட்டளை. சூடு ஆறாத மாவின் மணமும், மில்காரரின் வெண்மையான புருவங்களும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன.

அம்மாவில் என்ன இருந்தது என்பதைச் சற்று நோக்குவோம். கோதுமை மணியில் ஏறத்தாழ நூற்றுக்கு 14 பங்கு தவிடு. 2 அல்லது 3 பங்கு முளை. எஞ்சியது வெண்மையான உள்மாவு. கல்லில் அரைக்கும்போது மூன்றும் ஒன்றாகக் கலக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய எஃகு உருளை ஆலைகள், தவிட்டையும் முளையையும் நீக்கி உள்மாவை மட்டும் தனியே பிரித்தன. நாம் மைதா என்பது அவ்வகை மாவே. முளையிலுள்ள எண்ணெய் நீங்குவதால் அது நெடுநாள் கெடாது. ஆனால் நாரும் சத்தும் அதனுடனேயே நீங்கிவிடுகின்றன. முழு மாவு சில வாரங்களில் காறிவிடும். வேண்டும்போது வேண்டிய அளவு அரைத்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டதன் காரணம் இதுவே.

அந்தக் கோதுமை வந்த வழியும் அறியத்தக்கது. 1956 ஆகஸ்டில் அமெரிக்காவுடன் பி.எல். 480 உடன்பாடு கையெழுத்தாகி, கப்பல் கப்பலாகத் தானியம் வரலாயிற்று. அடுத்தடுத்து இரு வறட்சிகள் தாக்கிய நிலையில், 1966ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியத்தை நாடு இறக்குமதி செய்தது. அந்நாளில் உணவமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த சி. சுப்பிரமணியம், புதுக் கோதுமையை ஆராய்ந்த விஞ்ஞானிகளை முன்னின்று நடத்தியவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். நெல் விளையும் நாட்டில் பிறந்த இரு தமிழர் இந்தியாவின் கோதுமைக்கு வழிகாட்டினர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை வந்தது. அதன் மணி சிவப்பு நிறம். சப்பாத்திக்கு உகந்ததன்று என மக்கள் முகம் சுளித்தனர். டில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் 'சொனோரா 64' என்னும் ரகத்தில் கதிர்வீச்சைச் செலுத்தி, பொன்னிற மணி கொண்ட 'சர்பதி சொனோரா'வை உருவாக்கினர். 1964-65இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1968இல் 1 கோடியே 65 லட்சம் டன்னாக உயர்ந்தது. இக்குட்டை ரகங்களுக்கு உரம் மிகுதியாக வேண்டும். 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய டிராம்பே உரத் தொழிற்சாலை நம் செம்பூர் வாசலிலேயே உள்ளது. அங்குப் பணிபுரிந்த தமிழர் பலர். பங்கீட்டுக் கோதுமையைக் கண்டு தாய் அழுதாள். மகன் கோதுமை வயலுக்கு உரம் செய்து அனுப்பினான். நம் குடியிருப்பின் வரலாறு இவ்விரண்டிற்கும் இடையே அடங்கிக் கிடக்கிறது.

மறுநாள் நடந்தது

இவற்றை எண்ணியபோது பேத்தியின் பிழை எனக்கு விளங்கிற்று. மைதாவுக்குரிய அளவு ஈரத்தையே அவள் ஆட்டாவுக்கும் விட்டிருந்தாள், ஊறவும் விடவில்லை. தவிடு மெல்ல மெல்லத்தான் நீரை உறிஞ்சும். மாவ்ஷியின் பாடத்தை அவளுக்குச் சொன்னேன்.

மறுநாள் 180 கிராம் ஆட்டாவில் 50 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, உருக்கிய வெண்ணெய் 60 கிராமும் தயிர் 180 மில்லிலிட்டரும் விட்டுத் தளரக் கலந்து, 20 நிமிடம் மூடி வைத்தோம். அதற்குள் 750 கிராம் மாம்பழத் துண்டுகளில் 75 கிராம் வெல்லத்தூள், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு, சிறிது ஏலம் ஆகியவற்றைக் கலந்து ஓவனில் 10 நிமிடம் சூடேற்றினோம். பழம் சூடாயிருந்தால்தான் மேல்மாவின் அடிப்புறம் வேகும். டோக்ளாவிற்குச் செய்வதுபோல், ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும் கால் தேக்கரண்டி சோடா உப்பையும் கடைசியில் மாவில் கலந்து, உடனே பழத்தின்மேல் கரண்டியால் இட்டு, 190 டிகிரி வெப்பத்தில் 40 நிமிடம் சுட்டோம். ஓவன் இல்லாதார் கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடாக்கி, அதனுள் தட்டை வைத்து மூடி, சிறு தீயில் ஒரு மணி நேரம் வரை வேகவிடலாம்.

தவிடு மாவின் பசைத்தன்மையை அறுத்துவிடுவதால், ஆட்டா மைதாவைப்போல் உப்பி எழாது. காப்ளருக்கு அவ்வெழுச்சி தேவையில்லை. பழச்சாற்றை உறிஞ்சி மெத்தென்று இருந்தாற் போதும். அவ்வாறே இருந்தது, கோதுமையின் மணம் மாம்பழத்தோடு இயைந்தது. பேத்தி இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டாள். பின்னர், "அந்த மாவ்ஷி இப்போது எங்கே, தாத்தா?" என்று கேட்டாள். அவரும் என் தாயாரும் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

நாம் செய்யத்தக்கது

திலக் நகரில் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு, உயர்ந்த மாடிகள் எழுகின்றன. எங்கள் வீட்டின் கீழிருந்த மாவு மில்லும் அவ்வாறே போயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழைக்கு ஒழுகாத வீடு யாருக்கும் வேண்டியதே. ஆனால் மாவு என்பது கடையில் உறையிலே பிறப்பது என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடலாகாது.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் குடியிருப்பில் எண்பதைக் கடந்த அன்னையர் இன்னும் சிலர் உளர். பம்பாயில் அவர்கள் மூட்டிய முதல் அடுப்பு, பெற்ற முதல் பங்கீட்டுச் சீட்டு, கற்பித்த அண்டை வீட்டார் ஆகியோரைப் பற்றிய செய்திகளை இளைஞர்கள் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு மலரில் அவற்றிற்குச் சில பக்கங்கள் ஒதுக்கப்படுமாயின், நம் சங்கம் தன் வரலாற்றின் மறுபாதியையும் காத்த பெருமையைப் பெறும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!