வயித்துக்குள்ள வைக்கிற வலை... அதை டெஸ்ட் பண்றது யாரு?

அரியலூர் பக்கம் சிமென்ட் லாரியில் லோடு ஏத்துறவங்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்க. ஒரு மூட்டை 50 கிலோ. கூட வேலை பார்க்கிற யாருக்காவது 'குடல் இறங்கி' ஆபரேஷன் ஆன கதை ஒண்ணு கண்டிப்பா வரும். "வலை வெச்சுத் தெச்சிருக்காங்க" என்பார்கள். என்ன வலை, எந்த கம்பெனி என்று கேட்டால், "அது டாக்டருக்குத்தான் தெரியும்" என்று சிரிப்பார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. அவர்கள் முதுகில் ஏறும் சிமென்ட் சாக்கு பாலிப்ரோப்பிலீன் இழையில் நெய்தது. ஹெர்னியாவுக்கு வைக்கிற பெரும்பாலான வலைகளும் அதே பாலிப்ரோப்பிலீன்தான்! அப்போ சாக்குக்கும் வலைக்கும் என்ன வித்தியாசம்? பிளாஸ்டிக்கின் தரம், நெய்யும் விதம், கிருமி நீக்கம். இதெல்லாம் சரியா இருக்குன்னு காட்டுகிற டெஸ்ட்.

முதலில் அடிப்படை. வயிற்றுச் சுவரில் பலவீனமான இடம் வழியே உள்ளே இருப்பது வெளியே பிதுங்குவதுதான் ஹெர்னியா. எடை தூக்குவது மட்டுமே காரணம் இல்லை. தீராத இருமல், புகை, மலச்சிக்கல், பிறவியிலேயே இருக்கும் பலவீனம் எல்லாம் கைகோக்கும். முன்பு ஓட்டையை இழுத்துத் தைத்தார்கள். இழுத்த இடம் திரும்பப் பிய்ந்தது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிரான்சிஸ் அஷர் என்ற சர்ஜன் பிளாஸ்டிக் வலையை ஒட்டுப்போட்டுக் காட்டினார். தையலை மட்டும் நம்புவதைவிட வலை வைத்தால் ஹெர்னியா திரும்ப வருவது பாதிக்கும் கீழே குறையும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அதனால், வலை என்றதுமே பயப்பட வேண்டாம்.

சரி, லேபில் என்ன செய்வார்கள்? வலையை ஊறவைத்த திரவத்தை உயிருள்ள செல்கள் மேல் விட்டு, அவை சாகிறதா என்று பார்ப்பார்கள். அலர்ஜி வருகிறதா, எரிச்சல் வருகிறதா என்று பார்ப்பார்கள். விலங்குகளின் தசைக்குள் வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, சுற்றியுள்ள திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஐஎஸ்ஓ 10993 என்ற சர்வதேச தர வரிசை சொல்வது இதைத்தான். நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் இந்த மாதிரி சோதனைகளுக்கென்றே லேப்கள் இருக்கின்றன.

அடுத்து பலம். வயிற்றுச் சுவர் தாங்க வேண்டிய இழுவை, சென்டிமீட்டருக்கு சுமார் 16 நியூட்டன் என்று கணக்கிடுகிறார்கள். அதாவது, ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 'எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது' என்று நினைத்தால் அதுவும் தப்பு. ரொம்ப கெட்டியான வலை உள்ளே விறைத்து உறுத்தும்.

துளையின் அளவு இன்னும் முக்கியம். பாக்டீரியா சுமார் 1 மைக்ரான். அதை விழுங்க வரும் நம் வெள்ளணுக்களோ 10 மைக்ரானுக்கு மேல். துளை ரொம்பப் பொடியாக இருந்தால் திருடன் உள்ளே போய்விடுவான், போலீஸ் வெளியே நிற்கும். அதனால்தான் 75 மைக்ரானுக்கு மேல் துளை உள்ள வலைகளைத் தனி வகையாகவே பிரித்தார்கள்.

'அப்போ டெஸ்ட் பண்ணிட்டா, கொசுவலையைக்கூட வைக்கலாமா?' விளையாட்டுக் கேள்வி இல்லை. மகாராஷ்டிராவின் தொண்டாய்ச்சா ஊரில் சர்ஜன் ரவீந்திரநாத் டோங்கோன்கர் இதைச் செய்தே காட்டினார். கம்பெனி வலை வாங்க முடியாத நோயாளிகளுக்குக் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கி வைத்து, பல மருத்துவமனைகளின் முடிவுகளை 2003-ல் வெளியிட்டார். பிறகு உகாண்டாவில் 302 ஆண்களுக்கு நடந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. சுமார் 1 டாலர் விலையுள்ள கொசுவலைத் துணி பாதிப் பேருக்கு, சுமார் 125 டாலர் கம்பெனி வலை மீதிப் பேருக்கு. ஒரு வருஷம் கழித்து, கொசுவலைத் துணி வைத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் ஹெர்னியா திரும்ப வந்தது. மற்ற பக்கம் யாருக்கும் இல்லை. சிக்கல்கள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

உடனே கரூர் கொசுவலைக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள்! பூச்சிமருந்து தோய்த்த வலை உடம்புக்குள் போகவே கூடாது. பாலிஎத்திலீன் இழை சுமார் 130 டிகிரியில், சில வகைகள் அதற்கும் கீழேயே உருகிவிடும். மருத்துவமனை ஆட்டோகிளேவை 134 டிகிரிக்கு வைத்தால் துணி சுருங்கிப் போகும், துளையின் அளவும் மாறிவிடும். எந்தத் துணி, எந்தச் சூடு என்று சோதித்துச் செய்ததால்தான் அது மருத்துவம்.

இதற்கு நேர் எதிரான கதை 'பிஸியோமெஷ்'. பெரிய கம்பெனியின் நவீன வலை. அமெரிக்க அனுமதியும் வாங்கியது. ஆனால், ஜெர்மனி, டென்மார்க் நாடுகளின் ஹெர்னியா பதிவேடுகளில், இதை வைத்தவர்களுக்கு ஹெர்னியா திரும்ப வருவதும் மறு ஆபரேஷனும் அதிகம் என்று தெரிந்தது. 2016 மே மாதம் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டது. லேபில் பிடிபடாததைப் பதிவேடு பிடித்தது. யாருக்கு எந்த வலை வைத்தோம் என்று எழுதி வைத்திருந்ததால் மட்டுமே அது முடிந்தது. நம்ம ஊர் 'டாக்டருக்குத்தான் தெரியும்' இங்கேதான் பிரச்னையாகிறது.

இந்தியாவில் மருத்துவ உபகரண விதிகள் 2018 ஜனவரியில் அமலுக்கு வந்தன. ஏ, பி, சி, டி என நாலு ரிஸ்க் பிரிவுகள். இதில் சி, டி பிரிவுப் பொருட்களுக்கு 2023 அக்டோபர் முதல் லைசென்ஸ் கட்டாயம். உடம்புக்குள் வைத்த பொருளால் பிரச்னை வந்தால் புகார் பதிய, 2015-லேயே 'மெட்டீரியோவிஜிலன்ஸ்' திட்டம் தொடங்கியாச்சு. நோயாளியே புகார் செய்யலாம்.

வீட்டில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ ஆபரேஷன் என்றால், முன்னாடியே டாக்டரிடம் கேளுங்கள்: "என்ன வகை வலை வைக்கிறீங்க? லைசென்ஸ் உள்ளதா?" வலை வரும் பாக்கெட்டில் கம்பெனி பெயர், மாடல், பேட்ச் நம்பருடன் ஸ்டிக்கர் இருக்கும். அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையோ தனியாரோ, இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அந்தப் பக்கத்தை உங்க போனில் ஒரு போட்டோ எடுத்து வைங்க. பத்து வருஷம் கழிச்சு காய்ச்சல், சிவந்த வீக்கம், சீழ், விடாத வலி என்று எது வந்தாலும், புது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.